ருமேனிய மொழியில் பெயரடை இயைபும் ஒப்பீடும்: ஓர் ஐயம்

கேள்வி:

வணக்கம். ருமேனிய மொழியின் அடிப்படை இலக்கணத்தைச் சொந்தமாகப் படித்து வருகிறேன். ‘அழகிய’ என்ற ஒரே பெயரடைக்கு ஃப்ருமோஸ், ஃப்ருமோவாஸ, ஃப்ருமோஷி, ஃப்ருமோவாஸெ என நான்கு வடிவங்கள் இருப்பது புரிகிறது. ஆனால், அம்மொழியில் ஆண்பால், பெண்பால், பொதுப்பால் என மூன்று பால்கள் உள்ளனவாம். அப்படியானால் பொதுப்பாலுக்கென்று தனி வடிவம் ஏன் இல்லை? அத்துடன், வெவ்வேறு பாலைச் சேர்ந்த இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது பெயரடை எதனுடன் இயைய வேண்டும் என்பதும், ‘மிக உயர்ந்த’ என்று சொல்லும்போது மாய் என்ற சொல்லுக்கு முன் செல், ச்சா, செய், செலெ என நான்கில் எது வரும் என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி 1:

முதலில் எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. கீழே சொல்லின் ஈற்றில் அகரம் வந்தால், அது தலையில் பிறைக்குறி உடைய மங்கலான உயிரொலி. ஆகாரம் வந்தால் தெளிவான திறந்த ஒலி. இந்த வேறுபாட்டைக் காதில் ஏற்றிக்கொள்வது இன்றியமையாதது. காஸ என்றால் ‘ஒரு வீடு’ என்பதில் வரும் வீடு, காஸா என்றால் ‘அந்த வீடு’. சுட்டுப்பொருள் தரும் அடைச்சொல் அங்கே தனிச்சொல்லாக முன்னால் நிற்காமல் பெயரின் ஈற்றிலேயே ஒட்டிக்கொள்கிறது.

பொதுப்பால் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை எளிது. பொதுப்பால் பெயர்கள் ஒருமையில் ஆண்பால் போலவும் பன்மையில் பெண்பால் போலவும் நடக்கும். ஆகவே அவற்றுக்கென ஐந்தாம், ஆறாம் வடிவங்கள் தேவைப்படவில்லை. மரத்தைக் குறிக்கும் பொம் ஆண்பால்: உன் பொம் ஃப்ருமோஸ், டோய் பொமி ஃப்ருமோஷி. வீட்டைக் குறிக்கும் காஸ பெண்பால்: ஓ காஸ ஃப்ருமோவாஸ, டோவ காஸெ ஃப்ருமோவாஸெ. நகரத்தைக் குறிக்கும் ஒராஷ் பொதுப்பால்: உன் ஒராஷ் ஃப்ருமோஸ், ஆனால் டோவ ஒராஷெ ஃப்ருமோவாஸெ. பெயரடை மட்டுமல்ல, ‘இரண்டு’ என்ற எண்ணுப்பெயரும் டோய், டோவ எனப் பாலுக்கேற்ப மாறுவதைக் கவனியுங்கள். மெய்யெழுத்தில் முடியும் ஒரு பெயரை ஒருமையில் மட்டும் பார்த்து அது ஆண்பாலா பொதுப்பாலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு பெயரையும் ‘ஒன்று, இரண்டு’ சேர்த்தே மனனம் செய்யுங்கள். பன்மையில் டோவ வந்து பெயர் எகரத்திலோ உரி என்றோ முடிந்தால் அது பொதுப்பால். ரயிலைக் குறிக்கும் ட்ரென், ட்ரெனுரி ஆவது இவ்வகை.

எல்லாப் பெயரடைக்கும் நான்கு வடிவங்கள் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘பெரிய’ என்பதற்கு ஒருமையில் மாரெ, பன்மையில் மாரி என இரண்டே வடிவங்கள். ‘நீண்ட’ என்பதற்கு லுங்க், லுங்க, லுஞ்ஜி என மூன்று. பன்மையில் பால் வேறுபாடு மறைந்துவிடும்.

மறுமொழி 2:

ஒப்பீட்டைப் பற்றி நான் சொல்கிறேன். பெயரடை எப்போதும் எழுவாயோடுதான் இயையும். எதனோடு ஒப்பிடுகிறோமோ அதன் பாலுக்கும் பெயரடைக்கும் தொடர்பே இல்லை. டனூப் ஆற்றின் ருமேனியப் பெயர் டுனரெயா, அது பெண்பால். முரெஷ் ஆற்றின் பெயர் பெண்பால் அன்று. ‘டுனரெயா யெஸ்டெ மாய் லுங்க டெக்கிட் முரெஷுல்’ என்றால் முரெஷைவிட டனூப் நீளமானது என்று பொருள். லுங்க என்ற பெண்பால் வடிவம் டுனரெயாவுக்காக வந்தது. தொடரைத் திருப்பினால் ‘முரெஷுல் யெஸ்டெ மாய் ஸ்குர்ட் டெக்கிட் டுனரெயா’ ஆகும். ‘குறுகிய’ என்ற ஸ்குர்ட் இங்கே பெண்பால் ஈறு பெறவில்லை.

தமிழ் பேசுவோர் இங்கே தடுமாற ஒரு காரணம் உண்டு. நம் மொழியில் ‘விட’ என்ற ஒரு சொல்லே ஒப்பீட்டு வேலை முழுவதையும் செய்துவிடுவதால், ‘நீளமானது’ என்பதில் எந்த மாற்றமும் தேவைப்படுவதில்லை. ருமேனியத்தில் டெக்கிட் மட்டும் போதாது; பெயரடைக்கு முன் மாய் கட்டாயம் வர வேண்டும். மாறாக, நமக்கு இயல்பாகவே கைவரும் ஒன்றும் இருக்கிறது: ‘என்னைவிட’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே அங்கும் ‘டெக்கிட் மினெ’ என்று செயப்படுபொருள் வடிவமே வரும். சமநிலையைச் சொல்ல, ‘லா ஃபெல் டெ’ என்று தொடங்கிக் கா என்று இணைக்க வேண்டும். டெக்கிட் அங்கே வராது.

‘மிக உயர்ந்த’ என்பதில் மாய் மாறாது, அதற்கு முன் நிற்கும் சொல்லே பெயரோடு இயையும். 2544 மீட்டர் உயரமுள்ள மோல்டோவெயானு ருமேனியாவின் மிக உயர்ந்த சிகரம். சிகரத்தைக் குறிக்கும் விர்ஃப் பொதுப்பால் என்பதால் ஒருமையில் ‘செல் மாய் இனால்ட் விர்ஃப்’, பன்மையில் ‘செலெ மாய் இனால்டெ விர்ஃபுரி’. மேலே சொன்ன பால்மாற்றம் முழுவதும் இந்த இரண்டு தொடர்களில் அடங்கிவிட்டது. பெயரை முன்னால் கொண்டுவந்தால் அதற்குச் சுட்டு ஈறு சேரும்: ‘விர்ஃபுல் செல் மாய் இனால்ட்’. ஒருமைப் பெண்பாலுக்கு ச்சா, ஆண்பால் பன்மைக்குச் செய்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி. ‘அவள் எல்லோரையும்விட நன்றாகப் பாடுகிறாள்’ என்ற தொடரில் பாடுபவர் பெண் என்பதால் ச்சா மாய் என்று எழுத வேண்டுமா?

மறுமொழி 3:

வேண்டாம். அங்கே ‘நன்றாக’ என்பது வினையடை. வினையடைக்குப் பால் இல்லை. எனவே ‘யா கிண்ட செல் மாய் பினெ’ என்பதே சரி. பாடுபவர் யாராக இருந்தாலும், எத்தனை பேராக இருந்தாலும் செல் அப்படியே நிற்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து எழுவாயாக வந்தால் பெயரடை ஆண்பால் பன்மையில் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள்: இயோனும் மரியாவும் உயரமானவர்கள் என்பதற்கு இனால்ட்ஸி.

இயைபைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை என்றே நான் கருதுகிறேன். ‘நல்ல’ என்ற பெயரெச்சம் நம் மொழியில் மாறாவிட்டாலும், பயனிலையில் நல்லவன், நல்லவள், நல்லவர்கள், நல்லது, நல்லவை என்று எழுவாய்க்கேற்ப மாற்றித்தானே பேசுகிறோம்? அந்தப் பழக்கத்தைப் பெயருக்கு அருகில் நிற்கும் அடைக்கும் நீட்டிக்கொண்டால் பெரும்பகுதி கைவந்துவிடும். அடுத்து நீங்கள் கவனிக்க வேண்டியது வேற்றுமை. ‘ஓர் அழகிய வீட்டின்’ என்று சொல்லும்போது வீடு ஒன்றே ஆனாலும் ‘உனெய் காஸெ ஃப்ருமோவாஸெ’ என்று, பெயரும் பெயரடையும் பன்மையை ஒத்த வடிவத்தில் வருகின்றன. பெண்பால் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இது பொதுவாகப் பொருந்துவதால், அவற்றின் பன்மையை இப்போதே பிழையின்றிக் கற்றுவைப்பது நல்லது.