துவாலு முழு நாடு, நியூவே மட்டும் ஏன் இல்லை?

கதிர்: குரூப் 1 தேர்வுக்குப் படிக்கிறேன், ஒரு சந்தேகம். பசிபிக் தீவு நாடான துவாலுவின் பரப்பு 26 சதுர கி.மீ., மக்கள் சுமார் 11,000 பேர். 2000இல் ஐ.நா. உறுப்பினராகிவிட்டது, இந்தியாவுக்கு இருப்பதுபோல அதற்கும் பொதுச்சபையில் ஒரு ஓட்டு. அதே பசிபிக்கில் உள்ள நியூவே அதைப்போல பத்து மடங்கு பெரிய தீவு, ஆனால் உறுப்பினர் இல்லை. மக்கள், நிலம், அரசு, பிற நாடுகளோடு உறவு வைக்கும் திறன் என்று 1933 மான்டெவிடியோ உடன்படிக்கை சொல்லும் நான்கில் நியூவேக்கு எது குறைகிறது?

முருகேசன்: பெரிய நாடுகள் வைத்ததுதான் சட்டம், தம்பி. சின்ன நாடு என்று ஐரோப்பாவின் லிக்டன்ஸ்டைனை 1920இல், ஐ.நா.வுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தில் சேர்க்கவில்லை. 1990இல் ஐ.நா.வில் சேர்த்துக்கொண்டார்கள். இடையில் அந்த நாடு ஒரு அடிகூட வளரவில்லை.

ஜெயந்தி: முருகேசன் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். லிக்டன்ஸ்டைன் நாடு இல்லை என்று அன்று யாரும் சொல்லவில்லை. சுங்கம், தபால் போன்றவற்றை அது வேறு நாடுகளிடம் ஒப்படைத்திருந்தது, படையும் கிடையாது. அதனால் உறுப்பினருக்குரிய கடமைகளைச் செய்ய முடியாது என்றார்கள். நாடாக இருப்பது வேறு, அமைப்பில் இடம் கிடைப்பது வேறு. வகுப்பில் இதைச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றியதுண்டு.

நியூவேயும் அப்படித்தான், கதிர். 1974 முதல் நியூசிலாந்தோடு சுதந்திரக் கூட்டுறவில், அதாவது விரும்பிச் சேர்ந்திருக்கும் ஏற்பாட்டில், தன்னாட்சி நடத்துகிறது. யுனெஸ்கோவில் உறுப்பினர். இந்தியா 2012இல் தூதரக உறவு வைத்தது, அமெரிக்கா 2023இல் அங்கீகரித்தது. ஆனால் அதன் மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். இதே ஏற்பாட்டில் இருக்கும் குக் தீவுகள் ஐ.நா. பற்றிப் பேசியபோது, குடியுரிமையையும் மறுபடி பேச வேண்டிவரும் என்று நியூசிலாந்து சொல்லிவிட்டது. ஆயிரத்துச் சொச்சம் பேர், அதைவிடப் பல மடங்கு சொந்தங்கள் நியூசிலாந்தில். அந்தக் கடவுச்சீட்டை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? தகுதி குறைவதாக எனக்குத் தோன்றவில்லை.

கதிர்: நன்றி மேடம். கடல் ஏறி துவாலுவுக்கு நிலமே இல்லாமல் போனால்?

ஜெயந்தி: இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. துவாலுவின் தலைநகரான ஃபுனாஃபுட்டியின் முக்கியத் தீவு பல இடங்களில் ஒரு தெரு அகலம்தான்; ஒரு பக்கம் காயல், மறுபக்கம் பெருங்கடல். விமானம் வராத மாலைகளில் ஓடுபாதையில்தான் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள், வேறு வெட்டவெளி இல்லை.

சீலாந்து வழக்கைப் படியுங்கள். இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் போர்க்காலத்தில் கட்டிய மேடையைத் தனி நாடு என்று அறிவித்தார்கள். 1978இல் ஜெர்மனியின் கொலோன் நிர்வாக நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. மனிதன் கட்டிய மேடை நிலப்பரப்பு ஆகாது என்பது ஒரு காரணம். மற்றது இன்னும் ஆழமானது: ஏதோ பொழுதுபோக்குக்காகச் சேர்ந்தவர்கள் குடிமக்கள் ஆகமாட்டார்கள், நல்லது கெட்டது எல்லாவற்றிலும் சேர்ந்து வாழும் சமூகம் வேண்டும் என்றது. துவாலு மக்களிடம் அது இருக்கிறது. நிலம் போனாலும் அது போகாது என்பதுதான் என் கட்சி.

துவாலு சும்மா இருக்கவில்லை. தன் நாட்டுத்தன்மை என்றென்றும் தொடரும் என்று 2023இல் அரசியலமைப்பிலேயே எழுதிக்கொண்டது. ஆஸ்திரேலியாவோடு செய்த ஃபலேபிலி ஒப்பந்தத்திலும் அதை ஏற்க வைத்தது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றமும், உருவான ஒரு நாடு அதன் கூறுகளில் ஒன்று மறைந்தால் நாடு என்ற நிலையைக் கட்டாயம் இழந்துவிடும் என்பதில்லை என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. ஆனால் அதே ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 280 பேர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 11,000 பேரில் 280 என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நிலத்துக்கு முன்னால் ஆட்கள் குறைந்துவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.