நடுவில் கமிட் செய்தால் கர்சர் செத்துப்போகிறது, என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. பைத்தானில் சைகோபிஜி2 (டேட்டாபேஸோடு பேச உதவும் லைப்ரரி) வழியாக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் உள்ள டேபிள் ஒன்றைப் படிக்கிறேன். சுமார் 40 லட்சம் வரிகள், எல்லாம் பழைய பில் விவரங்கள். மெஷினில் இருப்பது 4 ஜிபி ராம்.

முதலில் எல்லா வரிகளையும் ஒரேயடியாக எடுக்கும் ஃபெட்ச்ஆல் போட்டேன், ராம் நிரம்பி ஸ்கிரிப்ட் படுத்துவிட்டது. சரி, ஃபெட்ச்மெனி போட்டு ஆயிரம் ஆயிரமாக எடுக்கலாம் என்று பார்த்தால் அதே கதை. அரை நாள் மண்டையை உடைத்த பிறகுதான் புரிந்தது: சாதாரண கர்சரில் (குவெரியை அனுப்பி விடையை எடுத்துத் தருவது) எக்ஸிக்யூட் சொன்ன உடனேயே மொத்த விடையும் நம் பக்கம் வந்து இறங்கிவிடுகிறது. அப்புறம் அதை ஒவ்வொன்றாக எடுத்தால் என்ன, மொத்தமாக எடுத்தால் என்ன!

அதனால் கர்சருக்கு ஒரு பெயர் கொடுத்தேன். இப்போது விடை சர்வரிலேயே இருக்கிறது, ஃபார் லூப்பில் 2000 வரிகளாக வருகிறது. ராம் ஏறவே இல்லை.

சிக்கல் இங்கேதான். லூப்புக்குள் இன்னொரு டேபிளை அப்டேட் செய்து, 5000 வரிக்கு ஒருமுறை கமிட் செய்கிறேன், அதாவது மாற்றங்களை நிரந்தரமாகப் பதிகிறேன். முதல் கமிட் ஆனதும் அடுத்த தொகுதியை எடுக்கும்போது 'நேம்டு கர்சர் இஸின்ட் வேலிட் எனிமோர்' என்று எரர். கமிட் செய்தால் டிரான்ஸாக்ஷன் (ஒன்றாகப் பதியப்படும் வேலைத் தொகுப்பு) முடிகிறது, அது முடிந்தால் கர்சரும் முடிந்தது என்பது புரிகிறது.

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, கமிட்டுக்குப் பிறகும் கர்சர் உயிரோடு இருக்க அதில் வித்ஹோல்ட் ட்ரூ கொடுப்பது. ஆனால் கமிட்டின்போது மீதி விடை முழுவதையும் சர்வர் தன்னிடம் எடுத்து வைத்துக்கொள்ளுமாம், அந்த சர்வரில் டிஸ்க்கும் குறைவு. இன்னொன்று, படிக்க ஒரு கனெக்ஷன், எழுத ஒரு கனெக்ஷன். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது, ஆனால் படிக்கும் டிரான்ஸாக்ஷன் 2 மணி நேரம் திறந்தே கிடந்தால் வேக்யூம் (செத்த பழைய வரிகளைத் துப்புரவு செய்யும் வேலை) தேங்குமே என்று பயம்.

இதை லைவ் சர்வரில் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கர்சரே வேண்டாம், ஐடி வரிசையில் 'இதற்கு மேல் 5000' என்று துண்டு துண்டாக குவெரி போடுவது மேலா?