மறு: ‘ஸ்கிரீன் பாசிட்டிவ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது?

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். தொலைபேசி வழியாக மனநலக் கணக்கெடுப்பு நடத்தும் களப்பணியாளர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். 2020-இல் ஊரடங்கு நேரத்தில் நாங்கள் பட்ட பாடு அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டாம் என்பதுதான் நோக்கம். நாற்பது பக்கம் தடையில்லாமல் ஓடியது. ‘ஸ்கிரீன் பாசிட்டிவ்’ என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது.

நாங்கள் பயன்படுத்தியது பி.எச்.கியூ-9 வினாத்தாள். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு இருக்கக்கூடும், மருத்துவர் பேசிப் பார்க்க வேண்டும் என்று பொருள். நோய் இருக்கிறது என்று பொருளில்லை. இந்த ‘இருக்கக்கூடும்’ நிலையைத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்கிரீன் பாசிட்டிவ்’ என்கிறார்கள்.

கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் தொற்று எகிறியது 2020 மே மாதம். அதற்கு அடுத்த மாதம், கூடப் பணிசெய்த பெண் ஒருத்தி தொலைபேசியில், “அக்கா, உங்களுக்குப் பாசிட்டிவ் வந்திருக்கு, டாக்டர் பேசுவாங்க” என்று சொல்லிவிட்டாள். எதிர்முனையில் பாத்திரம் விழுந்த சத்தம். “ஐயோ, எனக்கு மூக்குல குச்சியே விடலியேம்மா! தெருவுல தகரம் அடிச்சிடுவாங்களா?” அந்த அக்காவைத் தேற்ற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குமுன் அவருக்கு இல்லாத படபடப்பை நாங்களே கொடுத்தோம்.

சரி, ‘நேர்மறை’ என்று போடலாமா? அது இன்னும் மோசம். மனநலம் பேசும் இடத்தில் நேர்மறை என்றால் நல்ல எண்ணம், தன்னம்பிக்கை. “உங்கள் முடிவு நேர்மறை” என்றால் வாழ்த்துச் சொன்னதாகத்தான் படும். ‘மதிப்பெண்’ என்ற சொல்லும் இதே கதை. ஒரு மீனவர் “எத்தினி மார்க்கு?” என்று கேட்டார். பதினைந்து என்றேன். “அட, பாஸுதான்!” என்றார். ‘கட் ஆஃப்’ என்றாலோ பொறியியல் கலந்தாய்வு.

நல்ல சொல் தாருங்கள்.

*

புதுச்சேரி, முத்தியால்பேட்டையிலிருந்து:

அன்புள்ள தம்பிக்கு, முதலில் ‘ஸ்கிரீனிங்’குக்கு, அதாவது நோய் இருக்கக்கூடியவர்களைப் பிரித்தெடுக்கும் முதல் சோதனைக்கு, சொல் பிடித்தால் மற்றது தானே வரும். ‘திரையிடல்’ என்று எங்கோ அச்சில் பார்த்தேன். சினிமாக் கொட்டகைக்குத்தான் ஆகும். சல்லடை இருக்கும்போது நமக்கென்ன குறை? ‘சலித்தல்’. சலித்து நின்றவர் ‘சலித்தெடுக்கப்பட்டோர்’. பள்ளியில் முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், வேர் சுத்தமானது.

*

புதுச்சேரி, மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றும் ஒருவர்:

ஐயா மன்னிக்க வேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியமே “வாழ்க்கையே சலிச்சுப் போச்சு” என்பதுதான். அவரைப் பார்த்து, “உங்களைச் சலித்தெடுத்திருக்கிறோம்” என்றால் எழுந்து போய்விடுவார். ‘வடிகட்டல்’ என்றும் யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன். வடிகட்டின முட்டாள் என்று திட்டும் ஊர் இது.

கையேட்டுக்கு என் பங்கு இரண்டு. ஒன்று, அசதி, தூக்கம், பசி, கவனம் ஆகிய நான்கும் அந்த ஒன்பது கேள்விகளுக்குள் இருக்கின்றன. கொரோனாவிலிருந்து எழுந்தவர் பலருக்கும் இவற்றில் கோளாறு இருக்கும். ஆகவே பெருந்தொற்றுக் காலத்தில் பத்தைத் தாண்டியவர்களில் மனச்சோர்வே இல்லாதவர்களும் கணிசமாக இருப்பார்கள். உங்கள் சொல் அதற்கு இடம் விட வேண்டும். இரண்டு, ஒன்பதாவது கேள்வி, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பற்றியது. மொத்தம் நான்கே வந்திருந்தாலும் அந்தக் கேள்விக்கு 0 இல்லை என்றால் அழைப்பைத் துண்டிக்கக்கூடாது, அப்போதே உதவக்கூடிய ஆளை இணைப்பில் சேர்க்க வேண்டும். அவரைப் பத்து வாங்கியவரோடு ஒரே பெயரில் கட்டிவிடாதீர்கள்.

*

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்தபின்தான் எங்கே வழுக்கினேன் என்று புரிந்தது. வினாத்தாள் என்ன கண்டது என்பதற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் கண்டுவிடவில்லை. பசியைப் பற்றிக் கேட்டபோது சோனாங்குப்பத்தில் ஒரு பாட்டி, “சோறு இறங்குதான்னு கேக்கிறியே, இருந்தாத்தான இறங்கும்?” என்றார். அதற்கு 3 போட்டேன். கடலுக்குப் போகாத வீட்டில் அந்த 3 எதன் கணக்கு? நோயா, ஊரடங்கா? இரண்டு வாரம் என்பதே பலருக்குப் பிடிபடவில்லை, எல்லா நாளும் ஒரே நாளாகக் கிடந்தது. “போன அமாவாசையிலிருந்து” என்று கேட்கத் தொடங்கியபிறகுதான் பதில் ஒழுங்காக வந்தது. பௌர்ணமியை ஒட்டி அழைத்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும் என்பதையும் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தொலைபேசி அவருடையது இல்லை, வீட்டினுடையது. பிள்ளை ஆன்லைன் வகுப்பில் இருக்கும், கணவர் பக்கத்தில் இருப்பார், ஸ்பீக்கர் போட்டிருக்கும். “தனியா இருக்கீங்களா?” என்று கேட்டால் நம்மைத் தப்பான ஆள் என்று நினைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் நாம் உச்சரிக்கும் முத்திரைச் சொல் நான்கு காதில் விழும். அழைப்பு முடிந்தாலும் அந்தச் சொல் அங்கேயே தங்கிவிடும்.

அதனால் அவரிடம் என்ன இருக்கிறது என்று சொல்லாமல், நாம் அடுத்து என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று சொல்லும் பெயராக இருக்கட்டும். என் முன்மொழிவு: முதலில் கேட்பது முதற்கேட்பு. பத்தும் மேலும் வந்தால் மறுகேட்புக்கு உரியவர். தமிழில் ‘கேள்’ வினவுவதற்கும் ஆகிறது, செவிகொடுப்பதற்கும் ஆகிறது. முகம் பார்க்க முடியாத அந்த மாதங்களில் எங்கள் வேலையே இவை இரண்டும்தான். “டாக்டர் ஒரு தடவை மறுபடி கேப்பாங்க” என்று தொலைபேசியில் அப்படியே பேச்சாக விரித்துவிடலாம், பக்கத்தில் இருப்பவர் கேட்டாலும் குற்றமில்லை. மறுகேட்பில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அது ‘பொய் நேர்மறை’ ஆகாது, மறுகேட்பில் தெளிந்தவர், அவ்வளவுதான். நோய் இருந்தும் பத்துக்குக் கீழே நின்றவர் ‘கேட்பில் தப்பியவர்’. ஒன்பதாவது கேள்விக்குத் தனிப்பெயர்: உடன்கேட்பு. அதற்கு மறுநாள் கிடையாது.

*

ஆய்வு மாணவர், லாஸ்பேட்டை:

அண்ணா, உங்கள் சொல் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை, படம்தான் எடுக்கிறார்கள். ஊரடங்கில் முள்ளோடை எல்லையில் நெற்றிக்கு நேரே வெப்பமானித் துப்பாக்கி நீட்டியதும் ஸ்கிரீனிங்தான். ஒரே கருத்துக்கு ஒரே கலைச்சொல் வேண்டாமா?

*

முத்தியால்பேட்டையிலிருந்து:

சலிப்பை ஒப்புக்கொள்கிறேன், தோற்றேன். ஆனால் ‘கேட்பு’ என்றால் வங்கியில் கேட்பு வரைவோலை. டி.டி. எடுத்தவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம். ‘முதற்காணல், மறுகாணல்’ என்றால் என்ன? நேர்காணல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. தம்பி கேட்ட புற்றுநோய்ப் படத்துக்கும் ஆகும்.

*

கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து:

லாஸ்பேட்டைத் தம்பிக்கு: ஆங்கிலத்தில் ஒரு சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றேதான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாம் அரிசியைப் புடைக்கிறோம், மாவைச் சலிக்கிறோம், சோற்றை வடிக்கிறோம். பிரித்தெடுப்பதுதான் எல்லாமே, யாரும் ஒரு சொல்லுக்குள் அடைக்கவில்லை. படம் எடுக்கும் இடத்தில் ஐயாவின் ‘முதற்காணல்’ அருமையாகப் பொருந்தும். கேள்வி கேட்கும் இடத்தில் கேட்பு இருக்கட்டும்.

ஐயாவுக்கு: ‘காணல்’ அழகுதான். ஆனால் எட்டு மாதம் நாங்கள் யாரையும் காணவில்லை. இருமலோடு தொடங்கும் அந்தக் கொரோனா அறிவிப்பைத் தினம் அறுபது தடவை கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு குரலும் எங்களுக்குக் கிடைத்தது.

சென்ற வாரம் தாழங்குடாவில் சுய உதவிக் குழுப் பெண்கள் பத்துப் பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ‘மறுகேட்பு’ என்றதும் ஒருவர், “திரும்பக் கேப்பீங்களா? கேட்டுட்டுச் சும்மா போயிட மாட்டீங்களே?” என்றார். சுனாமிக்கும் தானே புயலுக்கும் பிறகு தாளும் பேனாவுமாக வந்து கேட்டுப்போனவர்களை அவர்கள் மறக்கவில்லை. சொல்லின் பொருள் அவருக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்திருந்தது. கையேட்டில் அந்தப் பக்கத்தில் மருத்துவர் திரும்ப அழைக்கும் நாளை எழுதவும் ஒரு கட்டம் சேர்த்துவிட்டேன். அது காலியாக இருந்தால் படிவத்தை வாங்கக்கூடாது என்று மேற்பார்வையாளருக்குக் குறிப்பு.

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

*

முத்தியால்பேட்டையிலிருந்து:

கட்டம் நன்று. வரைவோலை ஆட்சேபம் அப்படியே நிற்கிறது.