வட்டு இல்லாத கணினி என்எஃப்எஸ் வழியே துவங்கிப் பாதியில் உறைந்து நிற்கிறது

கேள்வி:
வணக்கம். எங்கள் பள்ளிக் கணினி அறையில் ஹார்ட் டிஸ்க் பழுதாகிப்போன, ஒரே மாடலைச் சேர்ந்த எட்டுக் கணினிகள் உள்ளன. எட்டுக்கும் புதிய டிஸ்க் வாங்க வசதியில்லாததால், டெபியன் 12 (ஒரு லினக்ஸ் இயங்குதளம்) நிறுவிய ஒரே சர்வரிலிருந்து அனைத்தையும் பிஎக்ஸ்இ முறையில், அதாவது நெட்வொர்க் வழியே, துவக்க முயல்கிறேன். சர்வரிலுள்ள டிஎன்எஸ்மாஸ்க் நிரல் கணினிக்கு ஐபி முகவரி தருகிறது. டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியே, இயங்குதளத்தின் மையமான கெர்னலும், துவக்கத்துக்கான தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இறங்குகின்றன. இயங்குதளக் கோப்புகள் அனைத்தையும் கொண்ட ரூட் அடைவும் சர்வரிலிருந்து என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) மூலம் ஏற்றப்பட்டு, சேவைகள் ஒவ்வொன்றாகப் பச்சை எழுத்தில் ‘ஓகே’ என்று வருகின்றன. பிறகு எல்லாம் நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து, ‘என்எஃப்எஸ் சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் ட்ரையிங்’ என்ற வரி மட்டும் தோன்றுகிறது. கேபிளையும் சுவிட்சையும் மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

மறுமொழி 1:
ஐயா, எந்த அடைவுகளைப் பகிர்வது என்று குறிக்கும், சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ‘நோ_ரூட்_ஸ்குவாஷ்’ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால், கிளையன்ட்டின் (சர்வரிலிருந்து துவங்கும் கணினியின்) ரூட் பயனரை, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகியை, சர்வர் உரிமையற்றவராகவே நடத்தும்.

கேட்டவர்:
முதலிலேயே சேர்த்துவிட்டேன், ஐயா.

மறுமொழி 2:
உரிமைச் சிக்கலாக இருந்தால் சர்வர் மறுத்துப் பதில் சொல்லியிருக்கும். இங்கே பதிலே வரவில்லை என்பதால், இணைப்புதான் அறுபடுகிறது என்று கருதுகிறேன். உறைவதற்கு முன் கடைசியாக எந்தச் சேவை துவங்குகிறது என்பதையும், அந்தக் கணத்தில் கேபிள் செருகும் இடத்திலுள்ள சிறு விளக்கு என்ன செய்கிறது என்பதையும் கவனித்துச் சொல்லுங்கள். ரூட் அடைவை எப்படி உருவாக்கினீர்கள்?

கேட்டவர்:
கடைசி வரி நெட்வொர்க்மேனேஜர் (நெட்வொர்க் இணைப்புகளை அமைக்கும் சேவை). விளக்கு அப்போது ஒருமுறை அணைந்து எரிகிறது. டிஸ்க் உள்ள ஒரு கணினியில் நிறுவியதை ஆர்சிங்க் மூலம் அப்படியே நகலெடுத்தேன்.

மறுமொழி 2:
காரணம் அதுதான். இனிட்ராம்எஃப்எஸ் ஏற்கெனவே முகவரி பெற்று, அந்த நெட்வொர்க் கார்டு வழியாகத்தான் ரூட்டை ஏற்றியிருக்கிறது. நகலோடு வந்த நெட்வொர்க்மேனேஜர் இதை அறியாமல் அந்தக் கார்டை முதலிலிருந்து அமைக்க முனைவதால் முகவரி போய்விடுகிறது. மீண்டும் அமைக்கத் தேவையான நிரல்களோ கேபிளின் மறுமுனையில், சர்வரில் இருக்கின்றன. உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிக்கொள்வது போன்ற நிலை இது.

கிளையன்ட்டுக்குரிய ரூட் அடைவுக்குள், நெட்வொர்க் கார்டுகளின் அமைப்பு எழுதப்படும் இன்டர்ஃபேசஸ் கோப்பில், அந்தக் கார்டின் பெயரிட்டு ‘ஐஃபேஸ் ஈஎன்பி2எஸ்0 ஐநெட் மேனுவல்’ என்று எழுதுங்கள். டெபியனில் இக்கோப்பில் குறிக்கப்பட்ட கார்டை நெட்வொர்க்மேனேஜர் இயல்பாகவே தொடாது. சர்வரின் சொந்தக் கோப்பில் தவறுதலாக எழுதிவிடாதீர்கள். நான் பார்த்தவரை பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இனி யாரும் டிஎன்எஸ் (தளப் பெயர்களை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியைத் தரமாட்டார்கள் என்பதால், அது எழுதப்படும் ரிசால்வ் கோப்பையும் கையால் எழுத வேண்டும்.

இனிட்ராம்எஃப்எஸ் பெற்ற முகவரி பின்னர் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆகவே டிஎன்எஸ்மாஸ்க்கில் ஒவ்வொரு மேக் முகவரிக்கும் (நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) நிலையான ஐபியை ‘இன்ஃபினிட்’ காலத்துக்கு ஒதுக்குங்கள். இல்லையேல் காலம் முடிந்ததும் அதே முகவரி வேறொரு கணினிக்குப் போக இடமுண்டு.

கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. மேனுவல் வரியைச் சேர்த்ததும் முதல் கணினி உள்நுழைவுத் திரை வரை வந்துவிட்டது. எட்டும் இதே ரூட்டைப் பகிரலாமா?

மறுமொழி 2:
எழுதும் உரிமையோடு பகிர வேண்டாம். பதிவுக் கோப்புகளில் ஒன்றன்மேல் ஒன்று எழுதிக் குழப்பிவிடும். ரூட்டைப் படிக்க மட்டும் ஏற்றி, அதன்மேல் ராமில், மாற்றங்களை மட்டும் தாங்கும் ஓவர்லே அடுக்கு ஒன்றை வையுங்கள். மாணவர்களின் ஹோம் அடைவை மட்டும் தனி என்எஃப்எஸ் பகிர்வாகக் கொடுத்தால் அவர்கள் சேமித்தவை அழியாது.