நாவல் பழத்தின் ஊதா நிறம் போகாமல் சேமிப்பது எப்படி?

கேள்வி (ஊதாநாக்கு):
ஆனி, ஆடி விட்டால் நாவல் கிடைப்பதில்லை. 5 கிலோ வாங்கிக் கூழாக்கி ஃப்ரீசரில் வைக்க எண்ணம். பொடிசாக இருக்கும் காட்டு நாவலா, சதைப்பற்றுள்ள ஒட்டு நாவலா? காய்ச்சினால் நிறம் மங்குகிறதே, சத்தும் போகுமா?

கனிமரம்:
அந்த ஊதா நிறமே ஆந்தோசயனின் என்ற நிறமிதான். டெல்ஃபினிடின், பெட்டூனிடின், மால்விடின் வகைகள் நாவலில் முக்கியமானவை, தோலில்தான் அடர்த்தி. சின்னப் பழத்தில் எடைக்குத் தோல் அதிகம், அதனால் நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் கூடுதல். ஆனால் ரகத்தைவிடக் கனிவுதான் பெரிது. நாவலைச் செங்காயாகப் பறித்துவிட்டால் பிறகு சரியாகக் கனியாது. முழுக் கறுப்பாக, அமுக்கினால் குழைவதை வாங்குங்கள். தோலை வீசாதீர்கள்.

உணவுக்கூடம்:
நிறம் மங்கச் சூடு மட்டும் காரணமில்லை. நசுக்கியதும் பழத்திலுள்ள பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ் நொதி காற்றோடு சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். எனவே முழுப் பழமாக உறையவைப்பதே மேல்: கழுவி, ஈரம் போக வடித்து, தட்டில் ஒட்டாமல் பரப்பி, கல்லானதும் காற்றில்லாமல் பையில் கட்டி மைனஸ் 18 டிகிரியில். உருகவிட்டுக் காத்திருக்காமல், கொட்டையை மட்டும் நீக்கி உறைந்தபடியே அடியுங்கள்.

கூழ்தான் வேண்டுமென்றால் கொட்டை நீக்கி, கிலோவுக்கு ஒரு எலுமிச்சைச் சாறு விட்டு, 85 டிகிரியில் 2, 3 நிமிடம் கிளறி, பாத்திரத்தோடு ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். நொதி அடங்கும், நிறம் நிற்கும். ஜாம் பதம் வரும்வரை கொதித்தால் நிறமி சிதையும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. இரும்புச் சட்டியில் டானின் (பழத்தின் துவர்ப்புப் பொருள்) கறுத்துவிடும். சமையல் சோடா கூடவே கூடாது, காரத்தில் ஆந்தோசயனின் நீலமாகி அழியும்.

ஊதாநாக்கு:
நன்றி. அப்பாவுக்குச் சர்க்கரை. கொட்டைப் பொடி கொடுக்கலாமா? கூழோடு வாழைப்பழம் அடிக்கலாமா?

கனிமரம்:
கொட்டைப் பொடிக்கு எலிகளில் செய்த ஆய்வுகள்தான் நிறைய. மாத்திரைக்கு அது மாற்றே அல்ல. கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் பொடியையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். பழமாக ஒரு கைப்பிடி போதும். வடிகட்டினால் நார்ச்சத்து போய்விடும். ஆந்தோசயனின் அப்படியே ரத்தத்தில் ஏறுவது கொஞ்சம்தான். மிச்சத்தைப் பெருங்குடல் நுண்ணுயிர்கள் சிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைக்கின்றன, அந்த நுண்ணுயிர்களுக்கும் அந்த நார் தீனி.

உணவுக்கூடம்:
வாழைப்பழம் வேண்டாம், அதில் இதே நொதி ஏராளம். ஃபிளவனால்கள் (பழங்களிலுள்ள இன்னொரு பாலிஃபீனால் வகை) கலந்த வாழைப்பழப் பானத்தில், பெர்ரி பானத்தைவிட அவை உடலில் சேர்வது வெகுவாகக் குறைவதாக 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இனிப்புக்கு அன்னாசியோ ஆரஞ்சோ போடலாம், அப்பாவுக்கு என்றால் அதுவும் இல்லாமல் தயிர் மட்டும்.