வில்லிஸ் ஜீப்பில் ஆயில் ஒழுகுகிறது, வழி சொல்லுங்கள்

அண்ணன்மாரே, வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். அப்பா வைத்துவிட்டுப் போன வில்லிஸ் எம்பி ஜீப், இரண்டாம் உலகப் போர்க் காலத்து வண்டி, 2.2 லிட்டர் எஞ்சின். ஓட்டி நிறுத்தினால், எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடித்துளை வழியாகச் சொட்டுகிறது. கறுத்த எஞ்சின் ஆயில்தான். கியர் ஆயிலின் கந்தக நெடி இல்லை.

வால்வு மூடி, ஆயில் பேன் கேஸ்கெட்டுகளை மாற்றியாச்சு, அங்கே ஈரமே இல்லை. எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறினாலும் ஆயிலைப் பிதுக்கித் தள்ளும் என்பதால் அந்தக் காற்றை வெளியேற்றும் வென்டிலேஷன் வால்வையும் கழற்றிக் கழுவினேன். உள்ளே கரி அப்பிக் கிடந்தது. இதை யாரும் பார்ப்பதே இல்லை, முதலில் பார்க்க வேண்டியதே இதுதான். கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

மிச்சம் பின் மெயின் பேரிங் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் அடைப்பது. பழையது இரண்டு பாதியாக வரும் கயிறு சீல். கிராங்கை இறக்காமல் மேல் பாதியை உருவி, புதிய ரப்பர் சீலை நுழைத்தவர்கள் இருக்கிறீர்களா? ஷாஃப்ட் தேய்ந்திருந்தால் ரப்பர் பிடிக்குமா, கயிறே மேலா? கிளட்ச் தட்டில் ஆயில் இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் யாராவது சீல் வாங்கி வர முடிந்தால் பணம் முன்னதாகவே கொடுத்துவிடுகிறேன்.