25 வீத இளைஞர் ஒதுக்கீடு: பிறப்புச் சான்றிதழில பிழை விட்டது ஆர்?

மட்டிக்களி:
நேற்றுக் கோட்டையடி இங்க எழுதினதைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கிறன். 2025 மார்ச்சில இலங்கை உள்ளூராட்சித் தேர்தல் வேட்புமனுக்கள் நிராகரிக்கப்பட்டதுக்கு, பட்டியலில 25 வீதம் இளைஞர் இருக்க வேணும் எண்ட ஒதுக்கீடுதான் காரணமாம். "பெடியளை நம்பிப் பட்டியல் போட்டால் இப்படித்தான்" எண்டு தீர்ப்பும் எழுதியிருக்கிறார். மனுவைக் கையளிக்கிறது பெடியளோ? கட்சியெண்டால் செயலாளர் இல்லாட்டி அவர் அதிகாரம் குடுத்த முகவர், சுயேச்சை எண்டால் குழுத் தலைவர். ஒவ்வொரு இளம் வேட்பாளருக்கும் சான்றுப்படுத்திய பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒண்டு, அது இல்லாட்டி பிறந்த திகதியைச் சொல்லி அவர் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி ஒண்டு இணைக்க வேணும். அந்தக் கட்டை எண்ணிப் பார்க்காமல் கொண்டுபோய் நீட்டினது ஆர்?

கோட்டையடி:
எல்லாம் இணைச்சுத்தான் குடுத்தவை. நிழற்பிரதியில சமாதான நீதவான்ர ஒப்பமும் முத்திரையும் இருந்தது. வேண்டாம் எண்டது மனுக்களை ஏற்கிற தெரிவத்தாட்சி அலுவலர். ஒதுக்கீடு இல்லாட்டி அந்தக் கடதாசிக்கே வேலையில்லை. நான் சொன்னது அதுதான், இப்பவும் சொல்றன்.

மட்டிக்களி:
சமாதான நீதவான் முத்திரை வேற, பிறப்பைப் பதியிற பதிவாளர்ர முத்திரை வேற. நீதவான் சொல்றது, "மூலத்தைப் பார்த்தன், இது அதின்ர பிரதி." பதிவாளர் சொல்றது, "என்ர பதிவேட்டில இந்தப் பிறப்பு இருக்குது." கையில உள்ள தாளைத் திருப்பிப் பாருங்கோ. பதிவு இலக்கம், வழங்கின திகதி, மையில பதிவாளர்ர ஒப்பம் மூண்டும் தெரியும். நிழற்பிரதியில அந்த ஒப்பமே சாம்பல் கோடாத்தான் விழும்.

கிண்ணியாப்பாலம்:
மட்டிக்களி அண்ணன், 2025 ஏப்ரல்ல மேன்முறையீட்டு நீதிமன்றம் பிறப்புச் சான்றிதழ் காரணமா தள்ளின மனுக்களை ஏற்கச் சொன்னது மறந்துபோச்சா? கோட்டையடி நானா சொல்றதிலயும் நியாயம் இருக்கு.

மட்டிக்களி:
மறக்கேல்லத் தம்பி. வழக்குப் போட்டவைக்குத்தான் அது திரும்பி வந்தது. கட்சி வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபாய், சுயேச்சைக்கு 5,000. ஆளுக்கு 5,000 சேர்த்துக் கட்டின குழு கொழும்புக்குப் போய்ச் சட்டத்தரணி பிடிக்குமோ? பதிவாளர் முத்திரையோட போயிருந்தால் நீதிமன்றம் எதுக்கு?

வெருகலாறு:
பதிவாளர் முத்திரை எண்டு லேசாச் சொல்றீங்கள். பதிவு கணினியில ஏறியிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலயும் பிரதி எடுக்கலாம். ஏறாட்டி பிறப்பைப் பதிஞ்ச கந்தோருக்கே போக வேணும். 2006இல சண்டைக்குள்ள ஈச்சிலம்பற்றில இருந்து மட்டக்களப்பு மாவட்டத்து வாகரைக்கு ஓடின குடும்பத்தில அப்ப பிறந்த பிள்ளைக்கு 2025இல வாக்குரிமை வந்திட்டுது, பதிவு மட்டக்களப்பில கிடக்கும். 1990க்குப் பிறகு தமிழ்நாட்டு முகாமில பிறந்தவையின்ர கையில இந்தியச் சான்றிதழ். மனுக் குடுக்க மார்ச் 17 தொடங்கி 20 நண்பகல் வரைதான் நேரம். இவையைப் போல ஆக்களுக்குத்தான் சத்தியக்கடதாசி. தனிநாட்டை ஆதரிக்க மாட்டம் எண்டு வேட்பாளர் எல்லாரும் ஒப்பமிடுற, அரசியலமைப்பின்ர 6ஆம் திருத்தச் சத்தியம் வேற, இது வேற. ஒண்டைக் குடுத்திட்டு மற்றதும் குடுத்ததா நினைக்கக் கூடாது.

இன்னொண்டு. பெண்களுக்கு 25 வீதம் சபைக் கதிரையைக் கணக்கில எடுக்குது. இளைஞருக்கு 25 வீதம் வேட்புமனுவோட முடியுது. வட்டாரத்துக்குப் போடாமல் சேர்த்த பேர்களின்ர மேலதிகப் பட்டியல்ல இருந்து ஆரைச் சபைக்கு அனுப்பிறதெண்டு தேர்தல் முடியக் கட்சிதான் தீர்மானிக்குது. அதைப் பற்றி ஒருவரும் கதைக்க மாட்டீங்களோ?

கோட்டையடி:
சத்தியக்கடதாசியை எடுத்துத் தந்ததுக்கு நன்றி தங்கச்சி. அதை ஆருக்கு முன்னால ஒப்பமிடுறது? அதே சமாதான நீதவானுக்கு முன்னாலதானே? அப்ப அவர்ர முத்திரை சத்தியக்கடதாசியில செல்லும், பிரதியில செல்லாதோ? மட்டிக்களி பதில் சொல்லட்டும்.

மட்டிக்களி:
சொல்றன். சத்தியக்கடதாசியில பொறுப்பு ஒப்பமிடுற வேட்பாளருக்கு. வயது பொய்யெண்டால் மாட்டுப்படுறது அவர். பிரதியில நீதவான் பிறப்புக்குப் பொறுப்பெடுக்கேல்ல, தாளுக்குத்தான். அந்த வித்தியாசம் விளங்காமல் பட்டியல் கட்டினதாலதான் இந்தக் கரைச்சல். எண்ணிக்கை 25 வீதத்துக்குக் கீழ விழுந்தால் முழுப் பத்திரமும் போகும், வட்டாரத்தில வெல்லக்கூடிய மூத்தவரும் சேர்ந்துதான் போவார். 1990இல 40 வீதம் கொண்டுவந்து, 2012இல கட்டாயத்தை எடுத்து, 2023இலதான் 25 வீதமாத் திரும்பி வந்தது. இடையில கட்சிக்காரருக்கு இந்தக் கடதாசிக் கட்டைச் சரியாச் சேர்க்கிற பழக்கம் விட்டுப்போச்சு. பழியைப் பெடியள்ர தலையில போடாதேங்கோ.

கோட்டையடி:
40 வீதம் இருந்த காலத்தில எங்கட நகர சபைக்கு...

மட்டிக்களி:
திருகோணமலை இப்ப மாநகர சபை. 2025 தேர்தலே மாநகர சபைக்குத்தான் நடந்தது. நகர சபை கிண்ணியாவில.

கிண்ணியாப்பாலம்:
எங்கட நகர சபையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறீங்க? பெயர் மாறினதால திருகோணமலையில எந்த வடிகான் துப்பரவாச்சு?

கோட்டையடி:
பார்த்தீங்களே? போன மாசம் ஆதனவரிக் கதையிலயும் இவர் இப்படித்தான் ஒரு சொல்லில தொங்கிக்கொண்டு நிண்டவர். நீதிமன்றம் ஏற்றது. ஏற்ற பிறகு பதிவாளர் முத்திரை எண்டு கத்துறதில என்ன இருக்கு?

வெருகலாறு:
பட்டியலில பேர் போட்ட பிள்ளைகள் எத்தனை பேரைச் சபைக்கு அனுப்பினவை எண்டு கேட்டன். இன்னும் ஒருவரும் பதில் சொல்லேல்ல.

மட்டிக்களி:
அதுக்குத் தனியா எழுதுவம் தங்கச்சி. முதல்ல கோட்டையடி சொல்லட்டும்: 20ஆம் திகதி நண்பகலுக்கு முதல் ஒவ்வொரு பிரதியிலயும் பதிவாளர்ர ஒப்பம் இருக்கோ எண்டு பார்த்தது ஆர்?

கோட்டையடி:
சமாதான நீதவான்ர ஒப்பம் இருந்தது. நீதிமன்றமும் ஏற்றது. எத்தனை தரம் சொல்ல?